உங்கள் ஊர் வட்டப் பள்ளம் விண்கல் விழுந்த இடமா? யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே சோதித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

கூகிள் ஏர்த்தில் வலிகாமத்தையோ தீவகத்தையோ பெரிதாக்கிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு நாள் இந்தச் சந்தேகம் வந்தே தீரும். தோட்டங்களுக்கு நடுவில் ஒரு வட்டம் தெரியும். அடுத்த கேள்வி, இது விண்கல் விழுந்த பள்ளமா என்பது. எங்கள் பாடசாலை விஞ்ஞானக் கழகப் பிள்ளைகளுக்கு வந்தது, அவர்கள் மூலமாக எனக்கும் வந்தது. அதற்குப் பிறகு நான் ஏறி இறங்கிய அலுவலகங்களும் எழுதிய கடிதங்களும் கொஞ்சநஞ்சமல்ல. எந்தக் கதவை முதலில் தட்ட வேண்டும், கையில் என்ன தாள் இருக்க வேண்டும் என்று தமிழில் யாரும் எழுதி வைக்காததால் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறேன். உலகத்தில் உறுதி செய்யப்பட்ட விண்கல் பள்ளங்கள் ஏறத்தாழ 200 தான். இலங்கையில் ஒன்றுகூட இல்லை. உங்கள் வட்டமும் பெரும்பாலும் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும். அதை எவ்வளவு கெதியாக, எவ்வளவு மலிவாகக் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஆகவே காசில்லாத வேலைகள் முன்னுக்கும் காசு போகிற வேலைகள் பின்னுக்கும் வருகின்றன. வரிசையை மாற்ற வேண்டாம்.

1. வீட்டில் இருந்தபடி திரையில் பாருங்கள் (செலவு: இணையக் கட்டணம் மட்டும்)

கூகிள் ஏர்த்தின் கணினிப் பதிப்பில் பழைய ஆண்டுப் படங்களையும் பார்க்கலாம். கைபேசியோடு நிற்காமல் கணினியில் பாருங்கள். வட்டம் எல்லா ஆண்டிலும் இருக்கிறதா, வறண்ட மாதத்திலும் மாரியிலும் எப்படி மாறுகிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். பார்த்த வட்டங்களில் பாதி இந்தக் கட்டத்திலேயே கழிந்து விடும். சில, தூர்வாரிய குளங்கள். சில, கல் அகழ்ந்த குழிகள். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கல் எடுத்த இடங்கள் மேலிருந்து பார்த்தால் யாரையும் ஏமாற்றும். சில, யுத்தத்தில் குண்டு விழுந்த குழிகள். இவற்றைப் பற்றி ஊரில் வயதானவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டாலே போதும்.

அடுத்தது நில உயரம். 2000 பெப்ரவரியில் விண்வெளி ஓடம் ஒன்றில் இருந்து ரேடாரால் அளந்த எஸ்.ஆர்.டி.எம். தரவு, 30 மீற்றர் கட்டங்களாக இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்கப் புவியியல் அளவை நிறுவனத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் கணக்குத் திறந்து இறக்கலாம். கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளில் விரித்துப் பார்க்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ரேடார் பல இடங்களில் மர உச்சியைத்தான் அளக்கும், தரையை அல்ல. குடாநாட்டின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து பத்து மீற்றருக்குள் கிடக்கிற தட்டை நிலம். அதில் ஒரு பனங்கூடல் நின்றால் அது குன்றாகத் தெரியும். வட்டமாகப் பனை நின்றால் பள்ளத்தின் விளிம்பே எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும். பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். உயரப் படத்தையும் செய்மதிப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் யாருக்கும் ஒன்றும் சொல்லாதீர்கள்.

2. நம் மண்ணில் வட்டம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்து கொள்ளுங்கள்

யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மயோசீன் காலத்தில், அதாவது 23 மில்லியன் ஆண்டுகளுக்கும் 5 மில்லியன் ஆண்டுகளுக்கும் இடையில், ஆழமற்ற கடலில் படிந்த கல் அது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருந்து காபனீரொட்சைட்டை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகி அந்தக் கல்லைக் கரைக்கிறது. வெடிப்பு அகன்று பொந்தாகிறது, பொந்து குகையாகிறது, ஒரு நாள் கூரை இடிந்து விழுகிறது. மேலே வட்டமாக ஒரு குழி மிஞ்சும். புத்தூர் நிலாவரையும் இப்படிக் கல் கரைந்து வந்ததுதான். இராமர் அம்பு எய்த கதையையும், அதில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்த கதையையும் எல்லோரும் கேட்டிருப்போம். அந்தக் கதைகளில் இப்போது விண்கல்லையும் சேர்த்து விடுகிறார்கள். கல் கரைவதே போதிய காரணம். வானத்தில் இருந்து ஒன்றும் வர வேண்டியதில்லை.

வடிவம் எதையும் நிரூபிக்காது என்பதை இந்த வேலை முழுவதும் நினைவில் வைத்திருங்கள். ஆழமான குழி, அடி காணாத தண்ணீர், சுற்றிவர மேடு, எதுவும் சான்றல்ல. மோதலின் சான்று கல்லின் மணிகளுக்குள் இருக்கிறது.

உப்புத் தண்ணீரும் சான்றல்ல. அமெரிக்காவின் செசப்பீக் குடாவுக்குக் கீழே, ஏறத்தாழ 85 கிலோமீற்றர் அகலத்தில், 35 மில்லியன் ஆண்டுகள் பழைய விண்கல் பள்ளம் ஒன்று நூற்றுக்கணக்கான மீற்றர் படிவுகளின் கீழ் புதைந்து கிடக்கிறது. அங்கே நிலத்தடி நீர் எதிர்பாராத இடத்தில் உப்பாக இருப்பதற்கு அந்தப் பள்ளம் காரணம். இதை வாசித்துவிட்டு ‘எங்கட கிணறும் உப்புத்தானே’ என்று வருகிறவர்கள் உண்டு. நம் நன்னீர் கடல்நீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். அதற்கு மோட்டர் போதும்.

3. ‘புதைந்த பள்ளம்’ என்றால் எதைத் தேடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

விண்கல் பள்ளம் மண்ணாலோ கல்லாலோ மூடப்பட்டு வெளியே தெரியாமலும் கிடக்கலாம். அது இரண்டு விதமாக இருக்கலாம். பள்ளம் நம் சுண்ணாம்புக்கல்லை விட இளையது என்றால் அது கல்லை வெட்டிக்கொண்டு இறங்கி, பிறகு மண்ணால் நிரம்பியிருக்கும். பழையது என்றால் சுண்ணாம்புக்கல் முழுவதற்கும் அடியில் கிடக்கும். மேலே நின்று பார்த்து ஒன்றும் தெரியாது.

இரண்டாவது வகைக்கு மெக்சிக்கோவின் சிக்சுலூப் பள்ளத்தைப் போல நமக்கு ஒத்து வரும் உதாரணம் வேறில்லை. யூக்கட்டான் குடாநாடும் தட்டையான சுண்ணாம்பு நிலம்தான். 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் உண்டான, ஏறத்தாழ 180 கிலோமீற்றர் அகலமான பள்ளம் அங்கே பல நூறு மீற்றர் தடிப்பான படிவுகளின் கீழ் இருக்கிறது. எண்ணெய் தேடியவர்கள் எடுத்த காந்தப்புல, புவியீர்ப்பு அளவைகளில்தான் 1970களின் கடைசியில் வளையம் தெரிந்தது. அது விண்கல் பள்ளம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டதோ, எண்ணெய்க் கிணற்றுத் துளைகளில் இருந்து வந்த கல்லில் மோதலின் அதிர்ச்சி பட்ட குவார்ட்ஸ் (மணலில் உள்ள கனிமம்) மணிகளைக் கண்ட பிறகு, 1991இல். மேலே நிலத்தில் தெளிவாகத் தெரியும் அடையாளம், விளிம்பை ஒட்டி அரைவட்டமாக வரிசை கட்டி நிற்கும் இயற்கைக் கிணறுகள். கவனியுங்கள்: ஒற்றைக் கிணறு அல்ல, நூறு கிலோமீற்றருக்கு மேல் அகலமான ஒரு வில்லில் நிற்கிற கிணறுகள். அங்கே ஒவ்வொரு கிணற்றையும் உண்டாக்கியது சுண்ணாம்பு கரைந்ததுதான். அவை நிற்கிற வரிசைக்குத்தான் பள்ளம் காரணம்.

அப்படியானால் உங்களுக்கு வேண்டியது இரண்டு: நிலத்தடியில் என்ன இருக்கிறது என்ற பழைய துளைப் பதிவு, கையில் பிடிக்கக் கூடிய கல். புவியீர்ப்பு அளக்கும் கருவி நம் கைக்கு எட்டாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செய்மதிப் புவியீர்ப்புப் படங்கள் மிகவும் பரும்படியானவை. நூறு மீற்றர் அகலக் குழி அதில் ஒரு புள்ளியாகக்கூட வராது.

4. தாள்களைத் திரட்டுங்கள் (காலம்: இதற்குத்தான் அதிகம் போகும்)

முதலில் புவிச்சரிதவியல் வரைபடம். புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் 1:100,000 அளவுத்திட்டத்தில் தாள்கள் வெளியிட்டிருக்கிறது. தலைமையகம் பிட்டகோட்டேயில். கொழும்புக்கு வேறு அலுவலாகப் போகிற நாளில் இதையும் சேர்த்துக் கொள்ளுங்கள், இதற்கென்று தனியாக இரவு பஸ் ஏற வேண்டாம். போக முன் தொலைபேசியில் உங்கள் பகுதித் தாள் கையிருப்பில் உண்டா, விலை என்ன, காசாகக் கட்டலாமா என்று கேளுங்கள். இடவிளக்கப் படம் 1:50,000 அளவில் நில அளவைத் திணைக்களத்தில் வாங்கலாம்.

அடுத்தது துளைப் பதிவுகள். நீர்வள சபை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஆகியவை குழாய்க்கிணறு துளைத்த இடங்களுக்குப் பதிவு வைத்திருக்கும்: எத்தனை மீற்றரில் என்ன கல், எங்கே தண்ணீர், எங்கே உப்பு. சுண்ணாம்புக்கல்லைத் தாண்டி இறங்கிய துளைகள் கொஞ்சம்தான். அவைதான் உங்களுக்குத் தங்கம். 1970களில் மன்னார் பேசாலையில் எண்ணெய் தேடித் துளைத்ததும் அந்த வகை.

கேட்டவுடன் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஓர் அலுவலகத்தில் என் கடிதத்தைப் படித்த அலுவலர் ‘விண்கல் என்றால் அது எங்கட பகுதி இல்லை’ என்று சொல்லி வேறொரு திணைக்களத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே ‘கல் என்றால் அது அவையின்ர பகுதி’ என்று திருப்பி அனுப்பினார்கள். இதில் இருந்து தப்ப இரண்டு வழி உண்டு.

கடிதத்தின் பொருள் வரியில் ‘விண்கல்’ என்ற சொல்லையே போடாதீர்கள். ‘இன்ன கிராம அலுவலர் பிரிவில் உள்ள குழாய்க்கிணறுகளின் துளைப் பதிவுப் பிரதிகள் கோரல்’ என்று எழுதுங்கள். வாங்குகிறவருக்கு எந்த அலுமாரியைத் திறப்பது என்று அப்போதுதான் விளங்கும். இரண்டாவது வழி, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, பிரதி எடுக்கும் செலவு மட்டும்தான். தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தாமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். நாட்கணக்கு அதில் இருந்துதான் தொடங்கும். இந்தச் சட்டப்படி இலங்கைக் குடிமக்கள்தான் கேட்கலாம். ஆகவே ரொறன்ரோவில் இருந்து ஆர்வத்தோடு எழுதும் அண்ணர்மார், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் என்றால் இங்குள்ள உறவுக்காரர் பெயரில் விண்ணப்பிப்பதுதான் சுகம்.

5. காணிக்குள் கால் வைக்க முன்

காணிக்காரரின் சம்மதக் கடிதம், அவரது அடையாள அட்டைப் போட்டோகொப்பி, இடத்தின் ஆள்கூறுகளோடு ஒரு பக்க வரைபடம், பாடசாலை அல்லது சனசமூக நிலையத்தின் கடிதத்தலைப்பில் ஒரு அறிமுகக் கடிதம். இந்த நாலையும் ஒரு கோவையில் போட்டு, கிராம அலுவலரிடம் காட்டி ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். யாராவது பொலிசுக்குச் சொன்னால் அந்தக் கோவை பேசும்.

சொல்ல மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். சுண்ணாம்புக்கல்லைச் சட்டவிரோதமாக அகழ்வது இங்கே பெரிய பிரச்சினை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனியப் பொருள் சட்டப்படி தேடுவதற்கும் அகழ்வதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். தோண்டவோ துளைக்கவோ நினைத்தால் புவிச்சரிதவியல் பணியகத்தின் பிராந்திய அலுவலகத்தில் எழுத்தில் கேட்காமல் தொடங்காதீர்கள். கைக்கடக்கமான மாதிரிக்கும் கேட்டு விடுவது நல்லது. மாதிரியைச் சாக்கில் கட்டி லாண்ட்மாஸ்டரில் ஏற்றினால் உங்களைக் கல் கடத்துகிறவர் என்றுதான் நினைப்பார்கள்.

ட்ரோன் பறக்க விடும் எண்ணம் இருந்தால் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் பதிவும் அனுமதியும் வேண்டும். பலாலிப் பக்கம் என்றால் அந்த எண்ணத்தையே விட்டு விடுங்கள்.

இது விளையாட்டில்லை: சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கிற, அல்லது அண்மையில் விடுவிக்கப்பட்ட காணிகளில் மண்வெட்டி போடக் கூடாது. வெடிக்காத குண்டுகள் இன்னும் வருகின்றன. பற்றைக்குள் துருப்பிடித்து உருண்டையாக ஒன்று கிடந்தால் அது விண்கல் என்று தொடவே வேண்டாம். தள்ளி நின்று பொலிசுக்குச் சொல்லுங்கள்.

6. கிணற்றுச் சுவர்தான் உங்கள் புத்தகம் (காலம்: ஒகஸ்ட், செப்டெம்பர்)

நீர்மட்டம் மிகவும் கீழே போகும் மாதங்கள் இவை. ஒக்டோபரில் மாரி இறங்கி விட்டால் அடுத்த வறட்சி வரை கல் தண்ணீருக்குள். தை, மாசியில் வெங்காயமும் புகையிலையும் நிற்கும் தோட்டத்துக்குள் போய் மிதித்தால் காணிக்காரர் உங்களை மறுபடி படலைக்குள் விட மாட்டார்.

நல்ல நாள், யாராவது கிணறு இறைத்துச் சேறு அள்ளும் நாள். ஊரில் இரண்டு மூன்று பேரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அழைப்பு வரும். எனக்கு அப்படிக் கிடைத்த கிணறு ஒரு அம்மாவுடையது. ‘தம்பி, கிணத்துக்கை என்ன கிடக்கு, போன முறை ரெண்டு வாளியும் ஒரு பந்தும்தான் வந்தது’ என்றார். உள்ளே பார்த்தது இதுதான்: மேலே ஓர் ஆள் உயரத்துக்குச் செம்மண், அதன் கீழ் பாலாடை நிறச் சுண்ணாம்புக்கல், அதில் சிப்பி, முருகைக்கல் அச்சுகள். இன்னும் கீழே கைமுட்டி அளவு கூரிய கல் துண்டுகள் செங்களியால் ஒட்டி இறுகிய ஒரு பட்டை.

அந்தப் பட்டையில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். விண்கல் மோதலிலும் கல் நொறுங்கி மறுபடி ஒட்டும், படங்களில் அச்சொட்டாக இதே மாதிரி இருக்கும். ஆனால் குகைக் கூரை இடிந்தாலும் இதே நொறுங்கல் வரும். பிரித்தறிய இதைப் பாருங்கள்: துண்டுகள் எல்லாம் அதே சுண்ணாம்புக்கல்லா, இடையில் உள்ளது மேலிருந்து ஒழுகிய செம்மண்தானா? ஆம் என்றால் இடிந்த குகை. ஆழத்தில் மட்டும் இருக்க வேண்டிய மணற்கல்லோ கருங்கல்லோ துண்டுகளாகக் கலந்திருந்தால், கண்ணாடி மாதிரி உருகிய துளிகள் இருந்தால், அப்போது மேலே போகலாம்.

கண்ணால் பார்த்தே மோதலுக்குச் சான்று சொல்லக் கூடிய ஒன்று உண்டு: அதிர்வுக் கூம்பு. குதிரை வால் மயிர் விரிந்தது போல, ஒரு முனையில் இருந்து கீழ்நோக்கி விரியும் கோடுகள் கல் உடைந்த முகத்தில் ஓடும். நுண்ணிய மணிகளுள்ள சுண்ணாம்புக்கல்லில் இவை வடிவாகப் பதியும் என்பது நமக்கு வாய்ப்பு. தண்ணீர் அரித்த கோடுகள் கல்லின் மேற்பரப்பில் மட்டும் இருக்கும். கூம்புக் கோடுகள், கல்லை எங்கே உடைத்தாலும் உள்ளேயும் வரும்.

பக்கத்தில் யாராவது குழாய்க்கிணறு அடித்தால் விடாதீர்கள். துளைக்கும்போது வெளியே வரும் தூளை, குழாய்த் துண்டு ஒன்று இறங்கி முடிய ஒரு பையாக, ஆழத்தை எழுதிக் கட்டித் தரச் சொல்லிப் பொறியாட்களிடம் கேளுங்கள். தேத்தண்ணிக் காசோடு வேலை முடியும். எழுதும் பேனை அழியாத மை என்று பாருங்கள், பை எல்லாம் நனைந்துதான் வரும்.

கிணற்றுக்குள் இறங்குவது பழகிய ஆளின் வேலை. பிள்ளைகளை இறக்காதீர்கள். கைபேசியைத் தடியில் கட்டி இறக்கினாலே நல்ல படம் வரும். அளவு தெரிய ஒரு அடிமட்டம் பக்கத்தில் தொங்கட்டும்.

7. ஆய்வகம் (செலவு தொடங்கும் இடம்)

தேடுவது குவார்ட்ஸ் மணி. பத்து கிகாபாஸ்கலுக்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) மேற்பட்ட அதிர்ச்சி பட்டால் மணிக்குள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, நெருக்கமாக, நேர் நேரான மெல்லிய தளங்கள் உண்டாகும். பூமிக்குள் சாதாரணமாக நடக்கும் எதுவும் அதைச் செய்யாது. சிக்கல் என்னவென்றால், சுத்தமான சுண்ணாம்புக்கல்லில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. ஆகவே அழகான வெள்ளைக் கல்லை அனுப்பிக் காசைக் கரைக்காதீர்கள். மணல் கலந்த பட்டை, நொறுங்கல் பட்டையின் இடைப்பொருள், ஆழமான துளைத் தூள், இவற்றை அனுப்புங்கள்.

கல்லை 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குச் சீவி, முனைவாக்க ஒளி நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறையில் இதற்கு வசதி உண்டு. கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவகத்திலும் விசாரிக்கலாம். முதலில் மின்னஞ்சல். படம் மூன்று, வரைபடம் ஒன்று, துளைப் பதிவு ஒன்று, ஆங்கிலத்தில் அரைப் பக்கம், அவ்வளவுதான். நீங்களே திரட்டிய துளைப் பதிவு இருந்தால் பதில் வரும் வாய்ப்புக் கூடும். சீவலுக்குத் தனி, பார்த்து அறிக்கை தருவதற்குத் தனி என்று கட்டணம் கேட்கலாம். விலையை எழுத்தில் வாங்கிக் கொண்டு, இரண்டு மாதிரியோடு தொடங்குங்கள். பல்கலைக்கழக விடுமுறை, பரீட்சை மாதங்களில் ஒன்றும் நகராது.

ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை வீட்டில் வைத்திருங்கள். அனுப்பியது தொலைந்தாலும், வேறொருவர் மறுபடி பார்க்கக் கேட்டாலும் அது உதவும். வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப விரும்பினால், பார்சல் கட்ட முன் பணியகத்திடமும் சுங்கத்திடமும் ஏற்றுமதி அனுமதி பற்றிக் கேளுங்கள்.

கறுத்த, பாரமான, காந்தம் ஒட்டுகிற கல் ஒன்றை யாராவது கொண்டு வந்து தருவார்கள். பெரும்பாலும் அது கொல்லன் பட்டறைக் கசடு. உடைத்த இடத்தில் காற்றுக் குமிழிகள் இருந்தால் மேற்கொண்டு ஒரு சதமும் செலவழிக்காதீர்கள்.

8. உண்மையான பள்ளம் ஒன்றைப் பார்க்க ஆசை என்றால்

கிட்ட உள்ளது மகாராட்டிர மாநிலத்தின் லோனார். எரிமலைப் பாறையில் விழுந்த பள்ளம், விளிம்புக்கு விளிம்பு ஏறத்தாழ 1.8 கிலோமீற்றர், நடுவில் உவர் ஏரி. இது புதையாதது, ஆனால் விளிம்பு எப்படி இருக்கும், மோதலில் வெளியே எறியப்பட்ட கல் எப்படிக் கிடக்கும் என்று ஒருமுறை கண்ணால் கண்டவர் நம் குழிகளைப் பார்த்து மறுபடி குழம்ப மாட்டார். என் கருத்தில், கல்லை ஆய்வகத்துக்கு அனுப்பும் காசு இருந்தால் அதோடு கொஞ்சம் சேர்த்து இங்கே போவது அதிகப் பயன்.

பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம், அல்லது காங்கேசன்துறையில் இருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல். கப்பல் காலநிலை பார்த்துத்தான் ஓடும். மாரி மாதங்களுக்குத் திட்டம் போடாதீர்கள். விசாவுக்கு விண்ணப்பிக்க முன் நுழைவிடப் பட்டியலைப் பாருங்கள். இ-விசா எல்லாத் துறைமுகத்திலும் செல்லாது. சந்தேகம் இருந்தால் யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. சென்னையில் இருந்து ரயிலில் ஜால்னா அல்லது ஔரங்காபாத், அங்கிருந்து பஸ். ஔரங்காபாத்தின் பெயர் இப்போது சத்ரபதி சம்பாஜிநகர் என்பதால் பயணச்சீட்டுத் தளத்தில் இரண்டு பெயரையும் தேடிப் பாருங்கள். டிசெம்பர், ஜனவரி வெயில் தாங்கக் கூடியது.

பள்ளம் பாதுகாக்கப்பட்ட சரணாலயம். கல் பொறுக்கக் கூடாது, திரும்பி வரும்போது பையைச் சோதித்தால் வில்லங்கம். படம் மட்டும் எடுங்கள். விளிம்பில் இருந்து ஏரிக்கு இறங்கும் பாதையில் நிழலும் தண்ணீரும் குறைவு, காலை ஏழு மணிக்கே தொடங்கி விடுங்கள்.